வராதவர் யார் என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, மறைந்த பேராசிரியரின் துணைவர் சிவபாண்டி அவர்களே, மகள் தமிழ்வாணியே, புள்ளியியல் துறையின் ஆசிரியப் பெருமக்களே, வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் பழைய மாணவ மாணவியரே! துறைத்தலைவன் தனிஸ்லாஸ் உங்கள் முன் நிற்கிறேன். வணக்கம் சொல்ல வாய் வருகிறது. நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன், கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த முனைவர் தங்கப்பொண்ணு அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அன்று காலை பத்து மணிக்கு அவருக்கு நிகழ்தகவு வகுப்பு. பிள்ளைகள் பதினொன்று வரை உட்கார்ந்திருந்தார்கள். மேடம் லேட்டாக வருவார் என்று யாராவது நம்புவார்களா? இருபத்தாறு ஆண்டில் ஒரு நாள் கூட லேட்டாக வராதவர் ஆயிற்றே!

அவர் கணக்குப் போடச் சொல்லித்தந்த விதம் உங்களுக்குத் தெரியும். சமவாய்ப்பு மாறி, அதாவது தற்செயலாக மாறும் எண், என்றால் என்ன என்று புத்தகத்தைத் திறந்து படித்துக்காட்டியவரா அவர்? இல்லை! பிள்ளைகளை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், கையில் நோட்டைக் கொடுத்து, பஸ் வரும் நேரத்தை எழுத வைத்தவர். ஒரு கண்டக்டர் மிரண்டுபோய், "என்னக்கா, கலெக்டர் ஆபீஸ்லருந்தா வாரீக?" என்று கேட்டாராம். "இல்லண்ணே, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு சொல்றீக, நாங்க மட்டும் ஏன் பதினஞ்சு நிமிஷம் நிக்கிறோம்னு பாக்க வந்தோம்" என்றாராம் மேடம். இரண்டு பஸ்ஸுக்கு இடையே இடைவெளி நீண்டால், அந்த நீண்ட இடைவெளிக்குள் வந்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம். இதை அன்று நோட்டில் எழுதியவர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் நடத்திய கணக்கு வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. போர்டில் எந்தக் கணக்கை எழுதினாலும், பேனாவைத் திறக்கும் முன் வகுப்பே சேர்ந்து கேட்க வேண்டும்: "யாரு வந்திருக்கா? யாரு வரல?" இந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டுப் போனார்கள் என்று கேட்காமல் கணக்கைத் தொடக்கூடாது. யாராவது மறந்தால், "எம்புட்டு நேரமா பேனாவ கடிக்கிற? மொதல்ல கேள்வியக் கேளுடா" என்பார். வகுப்பே சிரிக்கும்.

அந்த வகுப்பு நான்கு ஆண்டுக்கு முன் நின்றுபோனது. ஏன் நின்றது? அறை கிடைக்கவில்லை என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். நான்தான் நிறுத்தினேன். இதைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

அந்த வருடம் சிறப்பு வகுப்புகளால் பயன் உண்டா என்று ஆட்சிக் குழுவினர் அறிக்கை கேட்டார்கள். நான் எழுதினேன். மேடத்தின் வகுப்புக்கு வந்தவர்கள் அறுபது பேர். அவர்களில் பாஸானவர்கள் முப்பத்து மூன்று, அதாவது நூற்றுக்கு ஐம்பத்தைந்து. வராதவர்கள் நூற்றிருபது பேர். பாஸானவர்கள் எண்பத்து நான்கு, நூற்றுக்கு எழுபது. வந்தவர்களை விட வராதவர்களே மேல்! ஆகவே வகுப்பு வீண் என்று முடித்தேன். ஆட்சிக் குழுக் கூட்டத்தில் கைதட்டினார்கள். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமையே அந்த அறைக்குப் பூட்டு.

திங்கட்கிழமை மேடம் என் அறைக்கு வந்தார். கோபமில்லை. ஒரே ஒரு தாளை நீட்டினார். "சார், யாரு வந்திருக்கா, யாரு வரலன்னு மட்டும் பிரிச்சுப் பாத்துருங்க" என்றார். பார்க்கிறேன் அம்மா என்று மேசை டிராயரில் போட்டேன். ஒரு வாரம் கழித்து, "பாத்தீங்களா சார்?" என்றார். நேரமே இல்லை என்றேன். அடுத்த மாதமும் கேட்டார். பொங்கல் கழித்து ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பெரியோர்களே! அந்தத் தாளை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன்! அவர் கதவைச் சாத்திவிட்டுப் போன மறுநிமிடமே எடுத்துப் பார்த்தேன்.

இதோ அந்தத் தாள். ஏற்கெனவே தேர்வில் தோற்று அரியர் வைத்திருந்தவர்களை ஒரு பக்கமும், அரியர் இல்லாதவர்களை மறுபக்கமும் பிரித்திருக்கிறார். வகுப்புக்கு வந்த அறுபதில் ஐம்பது பேர் அரியர்காரர்கள். அவர்களில் இருபத்தைந்து பேர் பாஸ், சரிபாதி. வகுப்புக்கு வராத அரியர்காரர்கள் இருபது பேரில் பாஸானது வெறும் ஆறு. அரியர் இல்லாதவர்களிலும் வந்தவர்கள் நூற்றுக்கு எண்பது, வராதவர்கள் எழுபத்தெட்டு. இரண்டு பக்கமும் மேடத்தின் வகுப்பே மேல்! தடுமாறுகிறவர்களே அவரைத் தேடி வந்தார்கள். அதனால்தான் மொத்தமாகக் கூட்டியபோது குறைவாகத் தெரிந்தது. முதலாண்டுப் பிள்ளைக்கு நான் சொல்லித்தரும் பாடம் இது! அதைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

தாளின் அடியில் பென்சிலால் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "வந்தவர்கள் ஆர்வம் கூடுதலாக உள்ளவர்களாகவும் இருக்கலாம். அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்." தன் வகுப்பே பூட்டப்பட்ட பிறகும், தனக்குப் பாதகமானதைத் தானே எழுதித் தந்திருக்கிறார்! நான் என்ன செய்தேன்? கைதட்டல் வாங்கிய அறிக்கையைத் தப்பு என்று சொல்ல வெட்கப்பட்டுத் தாளை டிராயருக்குள் தள்ளினேன். தப்பாகக் கணக்குப் போட்டதை நீங்கள் மன்னிக்கலாம். பார்க்கவில்லை என்று பொய் சொன்னதை எப்படி மன்னிப்பீர்கள்?

ஐம்பது அரியர்காரர்கள் அந்த வகுப்பு இல்லாமல் இருந்திருந்தால், இருபதுக்கு ஆறு என்ற கணக்கில் பதினைந்து பேர் பாஸாகியிருப்பார்கள். வகுப்பு இருந்ததால் இருபத்தைந்து. வித்தியாசம் பத்துப் பேர். ஆர்வத்துக்கென்று பாதியைக் கழித்தாலும் வருடத்துக்கு ஐந்து பேர். நான்கு வருடத்துக்கு இருபது பேர். யார் அந்த இருபது பேர்? எந்தக் கணக்கும் பெயர் சொல்லாது.

சமயநல்லூர் முத்திருளனை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வகுப்பு நின்ற வருடம் மூன்று அரியரோடு படிப்பை விட்டுப் போனவன். இப்போது டயர் கடையில் வேலை செய்கிறான். அந்த இருபதில் அவனும் ஒருவனா? தெரியாது. வகுப்பு இருந்தும் அவன் தோற்றிருக்கலாம். ஜெயித்திருக்கலாம். நடக்காமல் போனதை யார் பார்க்க முடியும்? தெரியாது என்பதுதான் நான் சுமக்க வேண்டியது.

நேற்று அவன் கடைக்குப் போனேன். மேடம் இறந்ததைச் சொன்னேன். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நெசமாவா சார்?" என்று கேட்டான். சனிக்கிழமை வகுப்பு திரும்பத் தொடங்குகிறது, வா என்றேன். "மேடம் இல்லாம யாரு சார் நடத்துவா?" என்றான். நான்தான் என்றேன். "நீங்களா சார்?" என்றான். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

இன்று இந்த அரங்கம் நிரம்பி வழிகிறது. ஒவ்வொருவராக எழுந்து மேடத்தால் உயர்ந்தோம் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் மேடம் இங்கே இருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார்? யாரு வரல என்றுதானே! வராதவர்கள் வீட்டுக்கு நான் ஒவ்வொன்றாகப் போவேன். படிப்பை விட்ட ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டுவிட்டேன். முதல்வர் அவர்களே, என் அறிக்கையை இந்தச் சபை முன்னிலையில் திரும்பப் பெறுகிறேன். அறைச் சாவியைத் தாருங்கள். வரும் சனிக்கிழமை போர்டில் எழுதப்போகும் முதல் கணக்கு இந்தத் தாளில் உள்ள கணக்குத்தான். தப்பாகப் போட்டவன் தனிஸ்லாஸ் என்று பெயரோடு எழுதுவேன். ஒருவரும் வராவிட்டாலும் எழுதுவேன்.

மாலைக்குள் இருக்கும் இந்தப் படத்துக்கு நான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு பதில் பாக்கி இருக்கிறது. மூன்று முறை கேட்டீர்கள் மேடம்.

பாத்துட்டேன். அன்னைக்கே பாத்துட்டேன்.