ஓவென்று திறந்த வாய்

— ஏம்மா, ஏணி மேல நிக்கற பொண்ணே, அந்தச் சுவத்துப் படத்துக் கண்ணுல இன்னும் எத்தனை சொட்டு ஊத்தப் போற?

— ரெண்டே ரெண்டு தான்க்கா. ஒரு நிமிஷம், சொட்டு மேல வெளிச்சத்துக்கு வெள்ளை வெச்சுட்டு வந்துடறேன். டீ ஆறிப் போச்சா?

— டீயை மூடி வெச்சிருக்கேன், நீ எறங்கு மொதல்ல. நாலு நாளா எதிர்ல கடையில ஒக்காந்துகினு வாய மூடிப் பாத்துகினே இருந்தேன். இன்னிக்கி முடியல.

— படம் புடிக்கலையாக்கா?

— அது யாரு படம்னு தெரியுமா ஒனக்கு?

— தெரியாமயா? போன வருஷ மழையில மலை சரிஞ்சு, வீட்டுக்காரரைப் பறிகொடுத்த அம்மா. யார் போனைத் தொறந்தாலும் இந்த போட்டோ தானே வந்துச்சு! தலைய விரிச்சுப் போட்டுட்டு, ரெண்டு கையையும் தூக்கிட்டு, ஓன்னு அழுதுட்டு... ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? யா அல்லா. நீங்களா?

— நான் தான். சரோஜா. செத்தது எங்க வூட்டுக்காரரு அப்பாதுரை.

— நாலு நாளா உங்க கையால டீ குடிக்கறேன், எனக்கு மூஞ்சி தெரியலையே! மூஞ்சி வரையறது தானே என் பொழப்பு!

— ஒன் மேல தப்பில்ல. எனக்கே அடையாளம் தெரியல. ஒம் பேரு இன்னா?

— ரூபீனா. டவுன்ல, மசூதித் தெரு.

— ரூபீனா கண்ணு, நான் சொல்றதைக் கேளு. கிரிவலம் வர்றவங்க பாதிப் பேருக்கு நான் டீக்கடைக்காரி இல்ல, போட்டோல அழுத பொம்பள. டீ குடிக்க மாட்டாங்க, என்கூட நின்னு போட்டோ எடுத்துகினு போவாங்க. சரி, நாள் போனா மறந்துடுவாங்கன்னு இருந்தேன். இப்ப சுவத்துல ஏத்திட்டீங்க. காத்தால கடையத் தொறந்தா இது மூஞ்சியில தான் நான் முழிக்கணும். ஆயுசுக்கும். மாத்திக் குடுப்பியா?

— எனக்கு மனசு இருக்குக்கா. ஆனா நாளைக்கு திறப்பு விழா. அதோ பைக்ல வர்றாரே சக்திவேல் சார், இளைஞர் மன்றத் தலைவர், அவரு தான் வரையச் சொன்னவரு. அவர் கிட்டயே சொல்லுங்க.

— சிஸ்டர், சூப்பர்! பின்னிட்டீங்க! ஆனா ஒரு சின்ன கரெக்‌ஷன். கண்ணீர் கொஞ்சம் கம்மியா தெரியுது. ரோட்டுல பஸ்ல போறவனுக்கும் தெரியணும். பாத்தவன் அந்த எடத்துலயே பொலபொலன்னு அழணும், அதான் நம்ம கான்செப்ட். அட, சரோஜாக்கா! நீங்க நாளைக்குத் தானே பாக்கணும்!

— எதிர்ல இருக்கற சுவத்தை நாளைக்குப் பாக்கறதா? ஏன் சக்திவேலு, என் மூஞ்சியப் போடறதுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

— சர்ப்ரைஸா இருக்கட்டும்னு தான்க்கா...

— நல்லா வெச்ச சர்ப்ரைஸு.

— அப்படி இல்லக்கா. அப்பாதுரை அண்ணனை ஊரு மறக்கக் கூடாதுன்னு தானே பண்றோம்? சோகம் மனசுல நிக்கணும்னா அழுதா தான் நிக்கும். நம்ம பாரதக் கூத்துல பாருங்க. படுகளத்தன்னிக்கி துரியோதனனை மண்ணுல பெருசா செஞ்சு படுக்க வெக்கறோம். அவங்க அம்மா வந்து மாரடிச்சு அழுவாங்க. ஊரே சேந்து அழுவுதா இல்லையா? நீங்களும் தானே அழுவீங்க?

— நல்லாவே அழுவேன். அழுதுட்டு, அப்புறம் இன்னா பண்றோம்? வேசத்தைக் கலைச்சுட்டு அந்தம்மா வேசம் கட்டினவரு நம்ம கடையில வந்து டீ குடிக்கறாரு. நம்மளும் வூட்டுக்குப் போயி சோறு திங்கறோம். முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் அந்தம்மாவை வெயில்ல நிக்க வெச்சா மாரடிக்க வெக்கறோம்?

— கூத்து வேற, சுவரு வேறக்கா.

— சார், அக்கா சொல்றது சரி தான். எங்க தெருவுல மொஹரம் வந்தா கர்பலா கதை சொல்லுவாங்க. குடிக்கத் தண்ணி இல்லாம தவிச்சு உயிர விட்டவங்க கதை. எங்கம்மா கேட்டுட்டு முந்தானை நனையற அளவு அழுவாங்க. அழுது முடிச்சதும் எழுந்து போயி பானை நெறைய சர்பத் கலக்கி வாசல்ல வெச்சுடுவாங்க. யாரு வந்தாலும் ஒரு டம்ளர். எந்தச் சாமி கும்புடறவங்களா இருந்தாலும்.

— கேக்க நல்லா இருக்கு சிஸ்டர். அதை சுவத்துல எப்படி வரையறது?

— அதான் சார் எனக்கும் தெரியல.

— எங்க அம்மா வூடு செங்கம் பக்கம். கொல்லை மேட்டுல ஒரு நடுகல்லு நிக்குது, வேடியப்பன்னு கும்புடறோம். மாடு ஓட்டிகினு போக வந்தவங்களை மறிச்சு செத்தவனாம். நெஞ்சுல மூணு அம்பு, செதுக்கினவன் ஒண்ணையும் மறைக்கல. ஆனா கையில வில்லும் இருக்கு, காலடியில மாடும் இருக்கு. வலிய மட்டும் செதுக்கல பாரு, இன்னா வேலையா இருந்தப்ப அம்பு பட்டுச்சுன்னு அதையும் சேத்து செதுக்கி வெச்சிருக்கான்.

— அக்கா, அப்படின்னா இந்த போட்டோ எடுத்த நேரம் நீங்க என்ன வேலையா இருந்தீங்க?

— இன்னா கேக்கற?

— நெஜமா தான் கேக்கறேன். மூஞ்சிய மாத்தணும்னா வாயில தான் கை வெக்கணும். இந்த வாய் நாலு நாளா எனக்கு ஒதைக்குது. அழற வாய் ஓரத்துல கீழ தொங்கும்க்கா, எத்தனை கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வரைஞ்சிருக்கேன். இது தொங்கல. குவிஞ்சு நிக்குது. இந்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க சார். கண்ணும் கீழ மண்ணைப் பாக்கல, மலையப் பாக்குது.

— ஓன்னு அழுதா அப்படித் தானே சிஸ்டர் குவியும்?

— ஓன்னு அழுதா அப்படியே இழுத்துட்டுப் போவும். இது ஏதோ வார்த்தைக்கு மொத எழுத்து மாதிரி இருக்கு. அக்கா, என்ன சொல்லிட்டு இருந்தீங்க?

— விடு கண்ணு.

— சொல்லுங்கக்கா.

— "ஓடுங்கடா"ன்னு கத்தினேன்.

— யாரை?

— இதோ நிக்கறானே, இவனை. இவனோட சேத்து பன்னெண்டு பசங்க எங்க வூட்டுக்காரரைத் தேடி குனிஞ்சு மண்ணைத் தோண்டிகினு இருந்தாங்க. மேல ரெண்டாந் தபா மண்ணு நவுந்துச்சு. நான் தான் பாத்தேன்.

— சரோஜாக்கா... அது நீங்களா? மழை சத்தத்துல ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலான்னே தெரியலக்கா. அண்ணாமலையாரே குரல் குடுத்தாருன்னு தானே பன்னெண்டு பேரும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுத்திகினு இருக்கோம்!

— நல்லா சுத்தினீங்க போ. அண்ணாமலையாருக்கு வாய் ஏதுப்பா?

— இருக்கே அக்கா. நாலு நாளா நான் தானே வரைஞ்சிட்டு இருக்கேன்.

— சிஸ்டர், கண்ணீரை மொத்தமா அழிங்க! கான்செப்ட் மாறிப் போச்சு. கீழ எடம் இருக்கு பாருங்க, பன்னெண்டு பேரு ஓடி வர்ற மாதிரி போட்டுடுங்க. ஆளுக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்றேன். மொத ஆளு நானு, இடுப்புல என் பொண்ணு தென்றலைத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி. அன்னிக்கி அவ வயித்துல இருந்தா. அந்தக் குரல் இல்லேன்னா அவளுக்கு அப்பன் ஏது?

— வேணாம் சக்திவேலு.

— ஏன்க்கா? இதை விட நல்ல படம் ஏது?

— வேணாம்னா வேணாம். இதுக்கு அந்தக் கண்ணீரே இருந்துட்டுப் போவட்டும்.

— அக்கா, மாத்தச் சொன்னதே நீங்க தானே? உக்காருங்க.

— ரூபீனா, நீங்க ரெண்டு பேரும் ஓடினவங்களை எண்ணறீங்க. ஓடாம உள்ள கெடந்த ஒருத்தரை நான் எண்ணறேன். பாதி தோண்டி இருந்தாங்க. நான் கத்தினேன், எல்லாம் ஓடிட்டாங்க, அவரு மேல மறுபடியும் மண்ணு மூடிச்சு. மறுநாள் தான் எடுத்தாங்க. அந்த நேரத்துல உள்ள மூச்சு இருந்திருந்தா? பொண்டாட்டி குரல் காதுல விழுந்திருந்தா? என்னை விட்டுட்டு ஓடுங்கன்னு சொல்றாளேன்னு தானே அவரு போயிருப்பாரு? தெனம் காத்தால மலையக் கும்புடறப்ப இந்த ஒண்ணைத் தான் கேக்கறேன். பதிலே இல்ல. அதான் ஊரு கண்ணுக்கு அழுத பொம்பளையாவே இருந்துட்டுப் போலாம்னு வாயத் தொறக்கல. இப்ப இந்தச் சுவத்தைப் பாக்கறப்பல்லாம் அதே வார்த்தை எனக்குக் கேக்குது.

— சரோஜாக்கா, ஒண்ணு சொல்றேன்.

— நீ ஒண்ணும் சமாதானம் சொல்லாதப்பா.

— சமாதானம் இல்லக்கா. ஒரு வருசமா தொண்டையிலயே நிக்குது, இன்னிக்கி சொல்லிடறேன். மண்ணு சரிஞ்சது விடிகாலை. நாங்க எறங்கினப்பவே மணி பத்து. நீங்க கத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எனக்கு அண்ணன் கை கெடைச்சுடுச்சு.

— இன்னா சொல்ற?

— மோதரத்தைப் பாத்து தெரிஞ்சுகினேன். நாடி புடிச்சுப் பாத்தேன், இல்ல. கை வெறைச்சு, கல்லு மாதிரி சில்லுனு இருந்துச்சு. அவரு எப்பவோ போயிட்டிருந்தாரு. மத்தவங்க கிட்ட சொல்லலாம்னு நிமிந்தேன், அப்ப தான் அந்தக் குரலு. ஓடிட்டோம். அன்னிக்கி சாயங்காலம் நீங்க எல்லா சாமியையும் வேண்டிகினு ஒக்காந்திருந்தீங்க. இன்னும் ஒரு நாளாவது நம்பிக்கையோட இருக்கட்டும்னு சொல்லாம விட்டேன். அப்புறம் சொல்றதுக்கு வாய் வரல. நீங்க இப்படி நெனச்சுகினு இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதேக்கா.

— சத்தியமா சொல்றியா? எம் மனசு ஆறணும்னு சொல்லலியே?

— என் பொண்ணு மேல சத்தியம். நீங்க எங்களை ஓடச் சொன்ன எடத்துல அவரு இல்லவே இல்லக்கா; உயிரோட நாங்க பன்னெண்டு பேரு மட்டும் தான் இருந்தோம்.