கோழிக்குத் தீன் வைக்கப் போனேன்

சின்னத்தங்கத்தின் கோழிகள் அவளைவிட என்னிடம்தான் ஒட்டுதல், சேர். அவள் நெல்லை எண்ணிப் போடுகிறவள். நான் அள்ளிப் போடுவேன். அதனால் வீடு பூட்டிப் போகும்போதெல்லாம் சாவி என் கைக்கு வரும்.

என் பெயர் புஸ்பம். கல்லடியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம், போன் ரீலோட், பழுதான கொம்பியூட்டர். ஊர்ச் செய்தியும் அங்கேதான் கிடைக்கும். அதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

சின்னத்தங்கம் அடுத்த வளவு. நடுவில் வேலி இருக்கிறது, வேலியில் ஆள் நுழையும் கடப்பும் இருக்கிறது. அதனால் கறி போனது, வந்தது. அவள் புருஷன் செத்த அன்று நான் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்ததும் அந்த வழியால்தான்.

போன வருஷம் ஆவணியில் அவள் வீட்டுக்குப் புதுப் பெயின்ற் அடித்தார்கள். தையல்காரி வந்து போனாள். நான் கேட்டேன்.

"என்னகா, விசேஷமா?"

"விசேஷமும் மண்ணும். சுவர் பாசி புடிச்சிக் கிடந்திச்சி, அடிச்சம்."

தையல்காரி எந்தப் பாசியைத் தைக்க வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவளும் மகள் வதனியும் மண்டூருக்குப் புறப்பட்டார்கள். "முருகனுக்கு ஒரு நேர்த்தி. கோழியப் பாத்துக்ககா." நேர்த்திக்குப் போகிறவள் முருகனுக்குப் பலகாரப் பெட்டி தூக்கிப் போவதை அன்றுதான் பார்த்தேன். மகன் பிரதீஸ் கூடப் போகவில்லை. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், உங்களுக்கும் தெரியும். அதில் அவனுக்கு மனத்தாங்கல். காலையிலேயே கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

கோழிக்குத் தீன் வைத்தேன். உள்ளே மேசையில் வதனியின் லெப்டொப் இருந்தது. பாஸ்வேர்ட் கேட்டது. என் சாவிக்கோர்வையில் ஒரு பென் டிரைவ் தொங்கும், சேர். அதற்குள் முழு ஒபரேட்டிங் சிஸ்டமே இருக்கிறது. செருகிவிட்டு மெஷினைத் திறந்தால் அதனுடைய சிஸ்டம் எழும்பாது, என்னுடையதுதான் ஓடும். பாஸ்வேர்ட் தன் பாட்டுக்கு உறங்கும், உள்ளே கிடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். கழற்றிவிட்டால் ஒருவர் வந்து போன சுவடே இருக்காது. உயிர்விட்ட கொம்பியூட்டர்களிலிருந்து எத்தனை பேரின் கல்யாணப் படங்களை அப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுதான் என் எண்ணம். பார்த்தேன். பெயர் திவாகரன், நெற்றி கொஞ்சம் மேலேறியவன், மற்றபடி குறை சொல்ல ஏலாது. அத்தோடு மூடியிருப்பேன். ஆனால் பக்கத்திலேயே வதனி தன் போனிலிருந்து ஏற்றிவைத்த குரல் பதிவுகள் இருந்தன. தாயின் குரல்.

"புஸ்பத்துக்கு மட்டும் மூச்சு விட்டிராத புள்ள. அவள்ட கண் பொல்லாத கண். எல்லாம் முடிஞ்சி மறுகா சொல்லுவம்."

தையல்காரிக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாது. சாவியைத் தரலாம், செய்தியைத் தரக்கூடாது.

பிறகு ஒரு படத்தை எடுத்தேன். வதனியோடு கம்பஸில் படித்த பிள்ளைகள் பாசிக்குடாவுக்குப் போன சுற்றுலா, பெரிய கும்பல். வதனிக்குப் பக்கத்தில் இன்ஷாப் என்ற ஓட்டமாவடி முஸ்லிம் பொடியன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். மற்றப் பிள்ளைகளை வெட்டிவிட்டேன். படம் வெட்டுவது என் தொழில். நான் எதையும் சேர்க்கவில்லை, சேர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புதுப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அந்த வீட்டு வைபையிலேயே திவாகரனுக்கு அனுப்பினேன். பென் டிரைவைக் கழற்றினேன். கோழிகளுக்குத் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தேன்.

கல்யாணம் நின்றது. சின்னத்தங்கம் பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள், உங்கள் ஆட்கள் வந்தார்கள். செய்தி அந்த வீட்டு இணைப்பிலிருந்துதான் போயிருக்கிறது என்றார்கள். லெப்டொப்பில் தடயமே இல்லை, ஆகவே விஷயம் தெரிந்த ஒருவன் அழித்திருக்கிறான் என்றார்கள். தங்கச்சியின் பாஸ்வேர்ட் தெரிந்தவன், வீட்டுப் பேச்சில் கோபித்துக்கொண்டவன், அன்று பகல் எங்கே நின்றான் என்பதற்குச் சாட்சி இல்லாதவன் பிரதீஸ்தான். கோழிக்குத் தீன் வைக்க வந்தவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக என்ன சொன்னேன்? "வீடு தங்கச்சிக்குப் போகுது, பொடியனுக்கு வயிறு எரியாதாகா?" என்று கடைக்கு வந்தவர்களிடம் கேட்டேன். அது வெறும் கேள்வி.

அவன் வாசலில் நின்று கெஞ்சியது என் அடுப்படிக்குக் கேட்டது.

"நான் செய்யல்ல அம்மா. சத்தியமா நான் செய்யல்ல."

"உன்ட முகத்தில முழிக்க ஒண்ணா. போடா."

போனான். வாவியில் வலை இழுத்தவர்கள்தான் அவனைக் கண்டெடுத்தார்கள்.

செத்தவீட்டில் சின்னத்தங்கம் என் மடியில்தான் கிடந்தாள். "உனக்கு ஒளிச்சதுக்குத்தான் கடவுள் என்னத் தண்டிச்சிட்டான்கா" என்றாள். மாப்பிள்ளை பார்த்தது, பலகாரம் கொண்டு போனது, கண்ணூறுக்குப் பயந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முதன்முதலாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அதன் பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். உண்மையைச் சொன்னால், முன்னைவிட நன்றாக.

பிறகேன் இப்போது வந்தாய் என்கிறீர்கள். போன கிழமை காத்தான்குடிப் புடவை வியாபாரி மர்சூக் ரீலோட் போட வந்தார்.

"சின்னத்தங்கம் அக்கா வளவ வித்துப்போட்டு மகளோட செட்டிபாளையத்துக்குப் போறாவாமே? என்ன புஸ்பக்கா, பக்கத்து வளவு, உங்களுக்கே தெரியாதா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு மனுஷி எத்தனை தரம்தான் பொறுப்பாள், சேர்?

வாசித்துக் காட்டத் தேவையில்லை, கையெழுத்து வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைச் சொல்ல அவளிடம் போகும்போது என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஊரார் சொல்லி அவள் அறியக்கூடாது, என் வாயால்தான் கேட்கவேண்டும். அவளைப்போல் ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.