மாப்பிள்ளைக்குத் தைராய்டு

இல்லக்கா, எனக்கு அவசரமில்ல. அந்தக் கிளிக்காரர் முன்னாடி போகட்டும். கூப்பிட்டது என்னைத்தான், காதுல விழுந்துச்சு. ஒரு ஆள் கழிச்சு வர்றேன்னு கவுன்ட்டர்ல சொல்லிட்டேன். உங்க பூனை உள்ளயா? ட்ரிப்ஸ் ஏத்தறாங்களா. சரி சரி. அப்ப உங்களுக்கும் நேரமாகும்.

இதுவா? எலி இல்லக்கா. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. கினி பிக். பேருல பன்னி, பாத்தா எலி, திங்கறது முயல் மாதிரி புல்லு. எதுலயும் சேத்தி இல்ல. துணியை முழுசா விலக்காதீங்க, வெளிச்சம் பட்டா ஒடுங்கிக்கும். இன்னைக்கு இதுக்கு ஆபரேஷன். கழுத்துல தைராய்டு கட்டி. மருந்துக்கு அடங்கல, எடுத்துரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இத்துனூண்டு உடம்பு, மயக்க மருந்து குடுத்தா திரும்ப எந்திரிக்கும்னு நிச்சயம் கிடையாதாம். அதையும் சொல்லிட்டாங்க. எதையும் பட்டுன்னு சொல்ற ஆளு.

ஆமாக்கா, மிருகத்துக்கும் வருது. எனக்கே இப்பத்தான் தெரியும்.

இல்லல்ல, நான் ஆசைப்பட்டு வாங்கினது இல்ல. கூட வேலை பாத்தவர் ஒருத்தர் மாத்தலாகிப் போனார். வீடு கெடைச்சதும் வந்து எடுத்துக்கறேன்னு கூண்டோட குடுத்துட்டுப் போனார். போனவர் போனவர்தான். கூண்டைக் கொண்டாந்து ஹால்ல வச்சதும் அம்மா கேட்டாங்களே ஒரு கேள்வி. படிக்க வச்சு வேலைக்கு அனுப்பினா ஒரு பொண்ணைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வருவேன்னு பாத்தேன், வாலில்லாத எலியைப் பிடிச்சிட்டு வந்து நிக்கறியேடான்னு. ரெண்டு நாள் அது இருக்கற பக்கமே திரும்பல. அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜைத் தொறந்திருக்காங்க. இது கூண்டுக் கம்பியைப் பிடிச்சு எழுந்து நின்னுக்கிட்டு வீக் வீக்னு ஒரே கத்தல். ஃபிரிட்ஜ் தொறந்தா தனக்கு ஏதோ வருதுன்னு இதுக்கு ஒரு கணக்கு. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. வேலை வெட்டி கிடையாது, உக்காந்த எடத்துக்குச் சாப்பாடு வரணும், கொஞ்சம் லேட்டானா அதிகாரம், மாப்பிள்ளையேதான்டான்னாங்க. அன்னைலருந்து அதான் பேரு. வாங்க போங்கன்னு மரியாதை வேற. எனக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

நான் ஆபீஸ் போயிட்டா வீட்ல அவங்களும் அதுவும்தான். யாருகிட்ட பேசுவாங்க சொல்லுங்க. குடைமிளகாய் நறுக்கினா மொத துண்டு அதுக்கு.

அப்புறம் இளைக்க ஆரம்பிச்சுது. சாப்பாடு கொறைஞ்சு இளைச்சா புரியும். இது முன்னைவிட ஜாஸ்தி தின்னுச்சு, தின்னது எங்க போகுதுன்னே தெரியல. சமையல் தராசுல ஒரு டப்பா வச்சு, அதுல உக்கார வச்சு எடை பாப்பேன். எறங்கிட்டே போச்சு. கையில எடுத்தா நெஞ்சு படபடன்னு ஓடும். விரலை விட்டுத் தொட்டுப் பாருங்க. இங்க, முன்னங்காலுக்குப் பின்னாடி. பாத்தீங்களா.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. தைராய்டு அளவுக்கு மேல சுரக்குது, அதைக் கொறைக்கணும்னு ஒரு சிரப் குடுத்தாங்க. ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து, காலையிலயும் சாயங்காலமும் வாய் ஓரமா விடணும். ஆரஞ்சு வாசனை போட்டிருக்காங்க, இருந்தும் கசக்கும் போல. மூஞ்சியை அஷ்டகோணலா வச்சுக்கும்.

அன்னைக்கு வீட்டுக்குள்ள நுழையறேன், செருப்பைக்கூடக் கழட்டல. மாப்பிள்ளைக்கு என்னடா வியாதின்னு அம்மா கேட்டாங்க. உனக்கு இருக்கறதேதாம்மா, தைராய்டுன்னேன். அம்மாவுக்கு ரொம்ப வருஷமா இருக்குக்கா. ஆனா அவங்களுக்குச் சுரக்கறது பத்தாது. இதுக்கு ஜாஸ்தி. ரெண்டும் நேரெதிர். அது எனக்குத் தெரியும். டாக்டரம்மா படம் போட்டே காமிச்சாங்க. இதையெல்லாம் அம்மாகிட்ட எங்க உக்காந்து வெளக்கறதுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டேன்.

என் வேலை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. வாஷிங் மெஷின் வாங்கினா கூடவே ஒரு சின்ன புஸ்தகம் வரும்ல, எந்த பட்டனை எதுக்கு அழுத்தறதுன்னு? அதை எழுதறவன் நான். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு. யார் படிச்சாலும் குழம்பக்கூடாது, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்க விட்டேன்? ஆங், சிரப். ஒரு வேளை தவறினதில்லக்கா. ஆபீஸ்ல லேட்டாகும்னு தெரிஞ்சா நடுவுல ஓடி வந்து குடுத்துட்டுப் போவேன். இருந்தும் எடை ஏறல. டாக்டரம்மா அளவைக் கூட்டினாங்க. மறுபடி ரத்தம் எடுத்தா, மொதல்ல இருந்ததைவிட மோசம். ஒழுங்கா குடுக்கறீங்களான்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. வேற ஏதாவது குடுக்கறீங்களா, கைவைத்தியம் அது இதுன்னு கேட்டாங்க. எங்க வீட்ல அந்த மாதிரி பழக்கமெல்லாம் கிடையாது டாக்டர்னு வெறப்பா சொன்னேன். நான் படிச்சவன்னு அவங்களுக்குத் தெரியணும்ல. அப்புறம்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க.

கிளிக்காரர் வெளிய வந்துட்டாரா? இல்ல, அது வேற யாரோ.

காலையில கெளம்பறப்ப அம்மாகிட்ட, இன்னைக்கு மாப்பிள்ளைக்கு மருந்து எதுவும் வேணாம்மா, டாக்டர் சொல்லியிருக்காங்கன்னேன். அவங்க பாத்திரம் கழுவிக்கிட்டே, அப்போ மாத்திரையும் வேணாமாடான்னாங்க.

எந்த மாத்திரைன்னு கேட்டேன்.

எங்க மாத்திரைதான்டான்னாங்க. எங்க மாத்திரைன்னு சொல்றாங்கக்கா. அவங்களோட தைராய்டு மாத்திரை. தெனமும் காய் நறுக்கற கத்தியால அதை ரெண்டா வெட்டி, ஒரு பாதியைக் குடைமிளகாய்த் துண்டுக்குள்ள சொருகிக் குடுத்திருக்காங்க. நீ அந்த ஆரஞ்சுத் தண்ணியை ஊத்திட்டு ஓடிர்ற, அது சத்து டானிக்குதானே, வியாதிக்கு மருந்து யாரு குடுக்கறது, வாயில்லாத ஜீவன் உன்னை வந்து கேக்கவா போகுதுங்கறாங்க. உன்னை மாதிரி அடம்பிடிக்காது, சமத்தா முழுங்கிரும்னு பெருமை வேற.

ஏற்கெனவே ஜாஸ்தி சுரக்கற உடம்புக்கு, மேற்கொண்டு அதையே மாத்திரையா குடுத்தா எப்படிக்கா? எரியற தீயில எண்ணெய் ஊத்தின கதைதான். சிரப் இந்தப் பக்கம் இழுக்குது, மாத்திரை அந்தப் பக்கம் இழுக்குது. நடுவுல இது கெடந்து அல்லாடுது.

இல்லக்கா, நான் ஒன்னும் சொல்லல. சரிம்மா, மாத்திரையும் வேணாம்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்து, கூண்டுக்குள்ள விரலை விட்டு, தைரியமா போயிட்டு வாங்க மாப்பிள்ளைன்னாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

டாக்டரம்மாகிட்ட சொன்னா இன்னைக்குக் கத்தியை எடுக்க மாட்டாங்க. அது புரியுது. மாத்திரையை நிறுத்துங்க, சிரப்பே போதும்னுகூட சொல்லலாம். ஆனா அன்னைக்கு வெறப்பா பேசினேனே, அதையும் சேத்து முழுங்கணும். அதுகூடப் போகட்டும். அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்ல. பாத்துப் பாத்து வளத்தவங்க, அவங்க கையாலயே இதை இப்படி ஆக்கிட்டாங்கன்னு. எப்படிக்கா அதை அவங்ககிட்ட சொல்வேன்? சொல்லாம விட்டா இதை உள்ள அனுப்பிட்டு நான் இங்க உக்காந்திருக்கணும். அதான் ஒவ்வொருத்தரா முன்னாடி விட்டுட்டு இருக்கேன். கிளிக்காரருக்கு முன்னாடி ஒரு நாய்க்காரங்களையும் விட்டேன்.

அம்மா மேல தப்பில்லக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதின்னு சொன்னது நான்தானே.

என்னக்கா கேட்டீங்க? அவங்களா? அவங்க எப்பவும் போல எந்திரிச்சதும் வெறும் வயித்துல போட்டுப்பாங்க. தெனம் ஒன்னு. மாசத்துக்கு வேண்டியதை நான்தான் அளவா வாங்கி வைக்கிறேன். ஒன்னு கூடவும் இருக்காது, கொறையவும்...

இல்ல. பாதி.

பாதிதான் சாப்பிட்டிருக்காங்க. இது வியாதியில விழுந்த நாள்லருந்து.

பகல்லயே தூங்கறாங்கக்கா. பேசினா தொண்டை கட்டின மாதிரி இருக்கு. இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கறாங்க. நேத்து மாடி ஏறறப்ப நடுவுலயே உக்காந்துட்டாங்க, காலெல்லாம் ஊதியிருக்கு பாருடான்னாங்க. நாள் முழுக்க உக்காந்தே இருந்தா ஊதத்தான் செய்யும், எந்திரிச்சு நாலு நடை நடம்மான்னு சொல்லிட்டு, நான் இதை எடை பாக்கப் போயிட்டேன்.

இந்தக் கூண்டைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா? சாயாம பிடிச்சுக்கங்க. உள்ள போய் சொல்லிர்றேன். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறேன். மொதல்ல முழு மாத்திரையா போட்டுக்கம்மான்னு சொல்லணும். மத்தது அப்புறம். அவங்க ஏன்னு கேக்க மாட்டாங்கக்கா. எனக்குத் தெரியும். நான் முழுசா போட்டுக்கிட்டா அப்போ மாப்பிள்ளைக்குன்னுதான் கேப்பாங்க.