பத்தாம் நம்பர் மலையும் பெயரில்லாத மணல் திட்டும்

கடலுக்குக் கருவாடு கொண்டுபோவது மடத்தனம் என்று கனகலிங்கம் மாஸ்டர் சிரித்தார். அவர் சொன்னது சரிதான். பட்டியலிலிருந்து கருவாட்டை அடித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, 1957 சித்திரை விடுமுறைக்காக ஐந்து மாதம் திட்டம் போட்டோம். வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாஸ்டர் பள்ளிக்கூடம் நடத்தினார். யாழ்ப்பாணத்துத் தீவுக்காரர், வள்ளம் வலிப்பதில் கெட்டிக்காரர். ஆண்டியப்பன் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவன். தலைமன்னாருக்கு ரயிலில் போய், இரண்டு சிறு வள்ளங்கள் எடுத்து, மேற்கே இந்தியப் பக்கம் நீளும் மணல் திட்டுகளில் ஒவ்வொன்றாகத் தங்கி, ஆறு நாளில் திரும்புவதாக ஏற்பாடு. நுவரெலியா வாவியில் மாஸ்டர்தான் எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பொறுமையான மனிதர். குடிதண்ணீர் என் பொறுப்பு.

இடையில் அப்பாவின் விஷயம் வந்தது. கந்தப்பன் என்று பெயர். இதே தோட்டத்தில் பிறந்து நாற்பது வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். பிரஜாவுரிமை மனுவுக்கு, அவர் இங்கே பிறந்ததற்குச் சாட்சியாக, ஆபீசிலிருந்த பழைய பேர்ப்பதிவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டியிருந்தது. ஆண்டியப்பனிடம் கேட்டேன்.

"அந்தப் பொஸ்தகத்த கரையான் அரிச்சிருச்சு, சின்னராசா," என்றான்.

விசாரணையில் அதிகாரி, "உங்க ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "பத்தாம் நம்பர் மலைங்க," என்றாராம். தோட்டத்தில் தேயிலை மலைக்கு நம்பர்தான் பெயர்; எல்லாரும் சிரித்தார்களாம். மனு தள்ளுபடி.

அடுத்த மாதம் ஆண்டியப்பனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்க ஆபீசுக்குப் போனேன். புத்தகம் அவன் மேசையில் இருந்தது. ஒரு மூலைகூட அரிக்கவில்லை. அன்றே சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பயணத்தின் மூன்றாம் நாள் நண்பகல் நாங்கள் இருந்த திட்டில் மரமில்லை, கிணறில்லை. மாஸ்டர் மீன் சுட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்த் தகரங்களை என் வள்ளத்தில் திரும்ப ஏற்றினேன். மற்ற வள்ளத்தைக் கயிற்றால் பின்னே கட்டித் தள்ளினேன். ஆண்டியப்பன் இடுப்பளவு தண்ணீர்வரை ஓடி வந்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது.

"டேய், எங்க போற?"

"பொஸ்தகத்த கரையான் அரிச்சிருச்சா?"

அப்படியே நின்றான். "தோட்டத்துத் தொர குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

"இது எந்த நாட்டு மணல்னு யாருக்கும் தெரியாது. இங்க ஒன்னய எந்த ஊருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

மாஸ்டருக்கு நீந்தத் தெரியும். ஆனால் விளையாட்டு என்றே நினைத்தார். "விளையாடினது காணும், சின்னராசா. மீன் ஆறப்போகுது, வாரும்," என்று கூப்பிட்டார். அவர் கற்றுக்கொடுத்தபடியே, தோளால் அல்ல, இடுப்பால் வலித்தேன்.

வழியில் மற்ற வள்ளத்தை அவிழ்த்துக் கவிழ்த்துவிட்டேன். கரையில், அவர்கள் வந்த வள்ளம் கவிழ்ந்துவிட்டது என்றேன். தேடப் போனவர்களுக்கு வேறு பக்கம் கைகாட்டினேன். எட்டாம் நாள் மீனவர்கள் அந்தத் திட்டில் இரண்டு உடல்களையும் கண்டார்கள். மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றி ஆண்டியப்பனின் முகத்தில் போர்த்தியிருந்தாராம்.

அப்பாவிடம் நானே சொன்னேன்.  "மாஸ்டர்தானேடா எனக்கு மனு எழுதிக் குடுத்தாரு. அவரு என்னடா பண்ணுனாரு?" என்று கேட்டார்.

மாஸ்டர் மேல் எனக்குக் கோபமே கிடையாது, ஐயா. அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நீங்களும் சொல்கிறீர்கள். ஆண்டியப்பனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றிருப்பார். அவர் அப்படிப்பட்டவர். பிழை அவருடைய அந்தக் குணத்தில்தான்.