மூன்று நாள் விரதம்

ஏனாத்தூர் போகும் காலைப் பேருந்தில், ஒரு கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இளையவள் சொன்ன ஒரு வார்த்தை என்னை விடவில்லை.

“நான் சோம்பேறி இல்லையாம்க்கா.”

“யாருமா சொன்னது?”

“ஆஸ்பத்திரியில நர்சம்மா. ஒடம்புல ரத்தமே கம்மியாம். வாரத்துல எத்தினி நாளு ஒழுங்கா சாப்புடறேன்னு கேட்டாங்க. நாலு நாள்னேன். எழுதிக்கினு இருந்தவங்க பேனாவ கீழ வெச்சிட்டாங்க.”

“மீதி நாளு?”

“விரதம். பகல் பூரா டீதான், ராத்திரிக்கு ரெண்டு இட்லி. பத்து வருசமா இப்படித்தான் இருந்தேன்.”

மூத்தவள் முழுதாக அவள் பக்கம் திரும்பிவிட்டாள்.

“அன்னிலேருந்து ரெண்டு மாசமா விரதத்த விட்டுட்டேன். காலைல கேவுரு கூழு, மதியானம் கீரையும் ஒரு முட்டையும். நேத்து மூணு மாடியும் நிக்காம ஏறிட்டேங்க்கா. மேல போனப்புறம்தான் தெரிஞ்சுது, செவுத்தப் புடிக்கவே இல்ல. பயந்துட்டேன்.”

“இதுக்கு இன்னாத்துக்குப் பயம்?”

“அப்போ இத்தினி வருசமா எனக்கு இருந்தது பசி. அதுகூடத் தெரியல எனக்கு.”

மூத்தவள் கேட்டாள்:

“அந்த மூணு நாளும் யாருக்காக இருந்த?”

“திங்கக்கிழமை அவரு வேலை நெலைக்கணும்னு. வெள்ளிக்கிழமை மாமியார் முட்டிவலிக்கு. சனிக்கிழமை பையன் படிப்புக்கு.”

“உன்ன சோம்பேறின்னு சொன்னது யாரு?”

இளையவள் டிபன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அவங்க மூணு பேருந்தான்.”