இரண்டு கூற்றும் உண்மை

டீ ஆறுகிறது, குடியுங்கள் சார். கோலாரிலிருந்து விசாரணைக்கென்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள். லவினா போன பிறகு எனக்கு அளவு பிடிபடவில்லை.

நான் ஜெயகரன். பழைய தங்கச் சுரங்க வாய்களை கான்கிரீட் போட்டு மூடும் வேலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் ரயில்வே பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ரீசனிங் சொல்லித் தருகிறேன். மாட்டுக்கு நாலு கால், கட்டிலுக்கும் நாலு கால், அதனால் கட்டிலும் மாடு என்று டிக் போடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். கூற்று இரண்டும் உண்மைதானே சார் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதிலிருந்து அந்த முடிவு வராது என்று பொறுமையாகச் சொல்வேன். நான் யாரையும் அடித்ததில்லை.

டைட்டஸ் என் மனைவி லவினாவின் தம்பி. பழைய ஷாஃப்டுகளில், அதாவது சுரங்கத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழிகளில், திருட்டுத்தனமாக இறங்கி செம்புக் கேபிள் அறுத்து விற்பான். அந்த வியாழக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, இந்த ஆளுகூட இன்னா வாழ்க்க உனக்கு? திங்கக்கெழம என்கூட பெங்களூருக்கு வந்துடு."

லவினா மறுக்கவில்லை. பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. கோபம் இல்லை, பயம் மட்டும்தான். தம்பி கூட்டிக்கொண்டு போனால்தான் அவள் போவாள். தம்பி இல்லையென்றால் போகமாட்டாள். யோசித்துப் பார்த்ததில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

எங்கள் அப்பாக்கள் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. ஷிப்டுக்கு இறங்குகிறவர் தன் பித்தளை டோக்கனை மேலே ஆணியில் மாட்டுவார், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், திருட்டுத்தனமாக இறங்குகிறவர்கள்கூட அதை விடவில்லை. அப்பனுடைய டோக்கனை மாட்டாமல் இறங்கினால் ஏறி வரமுடியாது என்று பயம்.

மாரிகுப்பம் பக்கத்து ஷாஃப்டைத் திங்களன்று மூடுகிறோம் என்று டைட்டஸிடம் சொன்னது நான்தான். சொன்னபோது அது உண்மை. பிறகு நாள் சனிக்கிழமைக்கு மாறியது, அதை அவன் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். என் மாமனார் மரியகுழந்தையின் டோக்கன் ஆணியில் தொங்கியது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்ஜினியர் சிவகுமார் ஊருக்குப் புதிது. "உள்ள யாரும் இல்லயே?" என்று கேட்டார்.

"எறங்குறவன் டோக்கன் மாட்டாம எறங்க மாட்டான் சார். ஆணிய நீங்களே பாருங்க" என்றேன்.

பார்த்தார். "சரி, போடுங்க" என்றார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. உள்ளே ஆள் இல்லை என்பது அவர் எடுத்த முடிவு. என் வகுப்பில் இருந்திருந்தால் மார்க் போயிருக்கும்.

திங்கள் முழுவதும் லவினா தம்பிக்காகக் காத்திருந்தாள். செவ்வாயன்று துணி துவைக்கும்போது அவள் கையில் டோக்கன் அகப்பட்டது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், வீடு திரும்பவில்லை. அதாவது, தம்பி இல்லாமலும் போகக்கூடியவள். என் வாதத்தில் முடிவு முறையாகத்தான் வந்தது, ஆனால் முதல் கூற்றே பொய். அதைச் சரிபார்க்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

எழுதிக்கொள்ளுங்கள், எதையும் மறைக்கவில்லை. தகடு போட்டு மிக்ஸர் ஓடத் தொடங்கியதும் மற்றவர்கள் தள்ளிப் போனார்கள், நான் வாயருகே நின்றேன். ஆட்களுக்கு நான் குரல் கொடுத்தது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். கீழேயிருந்து ஏணியைத் தட்டினான். "மாமா, நான்தான், டைட்டஸு" என்று மூன்று முறை கூப்பிட்டான். சத்தம் ஏதாவது கேட்டதா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.