இடக்கை இராயப்பர்

பேசாலை பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் பதினான்கு பேர். இருக்க இடம் கிடைக்குமோ என்று திரும்ப எண்ணிக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"மச்சாள், உங்கட அண்ணன் இராயப்பரை இடக்கையன் ஆக்கிப்போட்டார்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"கல்லூரி நூலகத்தில இராயப்பர் படம் போட்ட பழைய கலர்க் கண்ணாடி யன்னல் இருக்கெல்லோ? கழட்டிக் கழுவித் திரும்பப் பூட்டேக்க உள்பக்கத்தை வெளியில வைச்சிட்டார். உள்ளுக்கு நிண்டு பாத்தால் இப்ப இடக்கையாலதான் ஆசீர்வாதம்."

"கடவுளே! திரும்பக் கழட்டலாம்தானே?"

"இன்னொருக்காக் கழட்டினால் நொறுங்கிடுமாம். மனிசனுக்குச் சோறே இறங்கேல்லை. கடைசியில தானே போய்க் கல்லூரிச் சிஸ்டரிட்டச் சொன்னவர்."

"ஏசினவவோ?"

"இல்லை. வெளியில கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், அங்க நிண்டு பாத்தால் வலக்கை தெரியிறதைக் காட்டினவவாம். 'இவ்வளவு காலமும் வலக்கை உள்ளுக்குப் படிக்கிற பிள்ளையளுக்கு. இனிக் கடலுக்குப் போறவைக்கு இருக்கட்டும், இராயப்பரும் மீன் பிடிச்சவர்தானே. நீங்கள் ஒரு கண்ணாடியும் உடையாமல் காப்பாத்தித் தந்தனீங்கள். அது போதும்' எண்டவவாம்."

"அண்ணன் என்ன சொன்னவர்?"

"வீட்ட வந்து, சோத்தைப் போடு எண்டார். பானையைக் காலியாக்கிப்போட்டார். அண்டைக்கு நான்தான் பட்டினி, மச்சாள். மாதாவுக்கு நன்றி சொல்லிப்போட்டுப் படுத்தனான்."